டைமிங் பெல்ட்டைச் சரியாக இறுக்குவது எப்படி: தொய்வைத் துரத்தி ஓரிடத்தில் பிடிக்கும் வேலை

பிஸ்டன்களும் வால்வுகளும் ஒரே தாளத்தில் இயங்கும்படி எஞ்சினில் சுற்றும் பல் வைத்த பெல்ட்தான் டைமிங் பெல்ட். அதைக் கழற்றுவதும் மாட்டுவதும் இரண்டு மூன்று எஞ்சின் பார்த்தாலே கைக்கு வந்துவிடும். மாட்டிய பெல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்று வரும்போதுதான் நன்றாக வேலை தெரிந்தவர்கள்கூடத் தயங்குகிறார்கள். "கொஞ்சம் டைட்டாவே இருக்கட்டும், பல் தாவாது" என்று ஒருவர் சொல்வார். (பெல்ட்டின் பல் புல்லியில் தன் காடியை விட்டு அடுத்த காடிக்குப் போவதுதான் பல் தாவுவது.) "ரொம்ப டைட் வெச்சா பேரிங் போயிடும்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுமே உண்மை. ஆனால் இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் ஒரு குத்துமதிப்பான இடத்தைத் தேடி நிறுத்துவது சரியான முறையாகாது.

இத்தனை வருடம் பெல்ட் மாற்றியதில் நான் உறுதியாக நம்புவது ஒன்று. பெல்ட்டில் இருக்கும் தொய்வு முழுவதும் டென்ஷனர் (பெல்ட்டை உருளையால் அழுத்தி விறைப்பாக வைக்கும் பாகம்) இருக்கும் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். அது வந்து சேராதவரை டென்ஷனரின் முள் எங்கே நின்றாலும், மீட்டரில் எந்த எண் வந்தாலும் அது பொய். வந்து சேர்ந்துவிட்டால், கையேடு சொல்லும் அளவை வைப்பது சிரமமே இல்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்தத் தொய்வை நகர்த்துவதைப் பற்றியதுதான்.

எண்ணெய்க்குள் ஓடும் ஈர பெல்ட்டுகளுக்கும் டைமிங் செயினுக்கும் இது பொருந்தாது. மூடிக்குள் உலர்ந்து ஓடும் வழக்கமான ரப்பர் பெல்ட்டை வைத்தே எல்லாம் சொல்கிறேன்.

இழுக்கும் பக்கமும் தொய்யும் பக்கமும்

எஞ்சினை பெல்ட் இருக்கும் பக்கமிருந்து பாருங்கள். கீழே கிராங்க் புல்லி (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின் பல்சக்கரம்), மேலே கேம் புல்லி (வால்வுகளைத் திறக்கும் தண்டின் பல்சக்கரம்). பெரும்பாலான எஞ்சின்கள் இந்தப் பக்கமிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையில் சுற்றும். (பழைய ஹோண்டா எஞ்சின்கள் பல இதற்கு நேரெதிராகச் சுற்றும். வேலை தொடங்கும் முன் உங்கள் எஞ்சின் எந்தத் திசை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.) கிராங்க் கடிகார முள் திசையில் சுற்றும்போது வலது பக்க பெல்ட்டைக் கீழே இழுக்கிறது. அது இழுபக்கம். இடது பக்கம் கிராங்க்கிலிருந்து வெளியேறி மேலே போகிறது. அங்கே இழுவை குறைவு. தொய்வு சேரும் பக்கம் அதுதான். டென்ஷனரை அங்கே வைத்திருப்பதற்கும் காரணம் இதுவே.

இவ்வளவும் கேம் ஷாஃப்ட் தடையில்லாமல் சுழன்றால் சரி. ஆனால் கேமின் மீது வால்வு ஸ்பிரிங்குகள் ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கின்றன. ஒரு வால்வு திறக்கத் தொடங்கும் நேரத்தில் ஸ்பிரிங் கேமைப் பின்னால் தள்ளும், இழுபக்கம் விறைக்கும். வால்வு மூடும் நேரத்தில் அதே ஸ்பிரிங் கேமை முன்னால் உந்திவிடும். அப்போது இழுபக்கம் தளர்ந்து, தொய்வில் ஒரு பகுதி இந்தப் பக்கம் வந்துவிடும். எஞ்சினைக் கையால் மெதுவாகத் திருப்பும்போது ஓரிடத்தில் கேம் "டக்" என்று தானாக ஒரு சிறு துள்ளல் துள்ளுவதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அது இந்த ஸ்பிரிங் தள்ளுவதுதான்.

அந்த நிலையில் எஞ்சின் நிற்கும்போது டென்ஷனரை இறுக்கினால் என்ன ஆகும்? டென்ஷனர் பக்கம் பெல்ட் விறைப்பாகத் தெரியும். முள்ளும் சரியான இடத்தில் நிற்கும். ஆனால் இழுபக்கத்தில் கொஞ்சம் தொய்வு ஒளிந்திருக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அந்தத் தொய்வு டென்ஷனர் பக்கம் வந்து சேரும், நீங்கள் வைத்த இறுக்கம் காணாமல் போகும்.

கையேடுகளில் எழுதியிருக்கும் சில விநோதமான கட்டளைகளுக்கு அர்த்தம் இங்கேதான் இருக்கிறது. ஹோண்டாவின் பழைய டி வரிசை எஞ்சின்களில் டென்ஷனர் போல்ட்டை இறுக்கும் முன் கிராங்க்கை எஞ்சின் ஓடும் திசையில், கேம் புல்லியின் 3 பல் நகரும் அளவு திருப்பச் சொல்வார்கள். அந்த 3 பல் திருப்பலில் கேம் ஸ்பிரிங்கை எதிர்த்து நிற்கிறது, இழுபக்கம் விறைக்கிறது, தொய்வு முழுவதும் டென்ஷனரிடம் போகிறது. சுசூகியின் பழைய ஜி வரிசை எஞ்சின்களில் வேறு வழி. பெல்ட் மாட்டும் முன் வால்வு அட்ஜஸ்ட் ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் தளர்த்திவிடச் சொல்வார்கள். ஸ்பிரிங்கின் அழுத்தமே கேமுக்கு வராது, கேம் தடையின்றிச் சுழலும், டென்ஷனர் ஸ்பிரிங் தன் பங்கை முழுதாகச் செய்யும். வழி வேறாக இருந்தாலும் இரண்டின் நோக்கமும் ஒன்றே. இது புரியாதபோது "எதுக்கு இந்த வேலை" என்று அந்தப் படியைத் தாண்டிப் போகத் தோன்றும். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

அளவை எங்கிருந்து எடுப்பது

உங்கள் எஞ்சினின் குறியீட்டுக்கு (எஞ்சின் கோட்) உரிய சர்வீஸ் கையேட்டிலிருந்து. காரின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் போதாது. ஒரே காரில் ஒரே வருடத்தில் இரண்டு மூன்று எஞ்சின்கள் வந்திருக்கும். ஒரே எஞ்சினிலும் இடையில் டென்ஷனரை மாற்றியிருப்பார்கள். பெல்ட் கிட் பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருந்தால் அதை எறியாமல் முழுதாகப் படியுங்கள். டென்ஷனர் மாற்றப்பட்ட விவரம் பல நேரம் அதில்தான் இருக்கும்.

இனி, எல்லோரும் சொல்லும் அந்த முறுக்கிப் பார்க்கும் முறை. பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் திருகினால் சரியாக 90 டிகிரி திரும்ப வேண்டும் என்பார்கள். கார்களில் பல் வைத்த ரப்பர் டைமிங் பெல்ட் 1962-ல் ஜெர்மனியின் கிளாஸ் எஸ் 1004 காரில் வந்தது. அதற்குப் பின் வந்த குறுகலான பெல்ட்டுகளுக்கும் கையால் இறுக்கும் டென்ஷனர்களுக்கும் இந்த 90 டிகிரி ஓரளவு உதவியது. இன்று பெல்ட் அகலம், பகுதியின் நீளம், உங்கள் விரலின் பலம் என்று ஒவ்வொன்றும் விடையை மாற்றிவிடும். அகலமான பெல்ட்டை 90 டிகிரி திருப்பும் அளவு விட்டால் அது தளர்ந்த பெல்ட். நானும் விரலால் திருகிப் பார்ப்பதுண்டு. ஏதாவது பெரிய தவறு நடந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான், அளவு வைக்க ஒருபோதும் இல்லை.

கையால் இறுக்கும் டென்ஷனர் உள்ள எஞ்சினுக்கு நம்பத் தகுந்த கருவி அதிர்வெண் மீட்டர். வேலை எளிது. பெல்ட்டின் ஒரு பகுதியை விரலால் தட்டினால் அது தந்திபோல அதிரும். மைக் அந்த அதிர்வைக் கேட்டு ஹெர்ட்ஸில் எண் காட்டும். விறைப்பாக இருந்தால் எண் ஏறும், தளர்ந்தால் இறங்கும். ஆனால் இங்கே ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. பெல்ட்டின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். ஒரு மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள பெல்ட், இரண்டு புல்லிகளுக்கு நடுவில் 250 மி.மீ. பகுதி, அதிர்வெண் 75 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் பெல்ட்டின் எடையை (கிலோவில்) பகுதி நீளத்தின் (மீட்டரில்) வர்க்கத்தாலும் அதிர்வெண்ணின் வர்க்கத்தாலும் 4-ஆலும் பெருக்கினால் இழுவிசை சுமார் 169 நியூட்டன் வரும். ஏறக்குறைய 17 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். அதே பெல்ட் 82.5 ஹெர்ட்ஸ் காட்டினால்? எண் 10 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. இழுவிசையோ 204 நியூட்டன் ஆகிவிடும், 21 சதவீதம் அதிகம். "பத்து ஹெர்ட்ஸ் முன்னே பின்னே இருக்கட்டும்" என்று விடக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அளக்கும்போது எந்தப் பகுதியில் தட்ட வேண்டும் என்பதையும் கையேட்டில் பாருங்கள். பகுதி நீளம் மாறினால் எண் மொத்தமும் மாறிவிடும். மைக்கை பெல்ட்டின் முதுகுக்கு அருகில், ஒட்டாமல் பிடியுங்கள். மூன்று முறை தட்டி, மூன்று எண்ணும் ஒன்றையொன்று ஒட்டி வந்தால்தான் நம்புங்கள். சில கையேடுகளில் ஹெர்ட்ஸுக்குப் பதில் சீம் என்ற அலகு இருக்கும். பிரெஞ்சுக் கார்களில் இது வழக்கம். அது வேறு கருவிக்கான அளவு. சீம் எண்ணை ஹெர்ட்ஸ் என்று நினைத்து வைத்துவிடாதீர்கள்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்

இதை வற்புறுத்திச் சொல்கிறேன். கை வைத்தால் சூடு தெரியவில்லை என்பது போதாது. ஒரு இரவு முழுக்க நின்ற எஞ்சினாக இருக்கட்டும்.

காரணம் இது. அலுமினியம் 1 டிகிரி செல்சியஸுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 23 பங்கு நீளும். கிராங்க் மையத்துக்கும் கேம் மையத்துக்கும் நடுவில் 400 மி.மீ. இருந்து, பிளாக்கும் ஹெட்டும் அலுமினியமாக இருந்து, எஞ்சின் 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் அந்த இடைவெளி சுமார் 0.64 மி.மீ. கூடும். பெல்ட் மேலே போய்க் கீழே வருவதால் அதற்குத் தேவைப்படும் கூடுதல் நீளம் இதைப்போல் இரு மடங்கு. பெல்ட்டின் உள்ளே இருக்கும் கண்ணாடி இழைக் கயிறுகள் அந்த அளவுக்கு நீளாது. ஆக, சூடானதும் பெல்ட் தானாகவே இறுகும். கையேட்டில் இருக்கும் அளவு இந்த இறுகலையும் கணக்கில் எடுத்துத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் சூடான எஞ்சினில் அந்த அளவை வைத்தால், எஞ்சின் ஆறிய பிறகு பெல்ட் தளர்ந்து நிற்கும். மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் அந்த முதல் நொடியில்தான் பல் தாவும் ஆபத்து மிக அதிகம்.

பெல்ட் மாட்டும் முன்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். காரை ஜாக்கில் மட்டும் நிறுத்தி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். எஞ்சின் மவுண்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் ஆயில் சம்புக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து எஞ்சினைத் தாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள். காற்றழுத்தம் தடுக்காமல் கிராங்க் லேசாகத் திரும்பும், அடையாளத்தில் துல்லியமாக நிறுத்தலாம்.

முதல் சிலிண்டரின் பிஸ்டன் மேல் நிலைக்கு வரும்படி கிராங்க்கைத் திருப்பி, கிராங்க், கேம் இரண்டின் அடையாளங்களும் நேராக வருகின்றனவா என்று பாருங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று சுற்றும். எனவே கிராங்க் அடையாளம் நேராக இருந்து கேம் அடையாளம் எதிர்ப்பக்கம் இருந்தால் இன்னொரு சுற்று திருப்புங்கள். பிறகு கிராங்க்கையும் கேமையும் அந்த நிலையில் வைக்கும் பூட்டுப் பின்களைப் போடுங்கள். அந்தப் பின்கள் நிலையைக் காட்டத்தான் இருக்கின்றன. புல்லி போல்ட்டைத் தளர்த்தும்போது அவற்றையே பிடிமானமாக நம்பினால் பின் வளையும், இல்லை கேமின் காடி உடையும். புல்லியைப் பிடிக்க அதற்கான கருவியைப் பயன்படுத்துங்கள்.

பழைய பெல்ட்டைக் கழற்றும் முன் அதன் மீதும் புல்லிகளின் மீதும் வெள்ளை பெயிண்ட்டால் கோடு போட்டுவைப்பது எனக்கு வழக்கம். கழற்றிய பிறகு கோடுகளுக்கு நடுவில் எத்தனை பல் என்று எண்ணி, அதே எண்ணிக்கையில் புது பெல்ட்டிலும் கோடு போடுவேன். அதிகாரப்பூர்வ அடையாளங்களுக்கு இது மாற்று கிடையாது. இரண்டாவது சாட்சி, அவ்வளவுதான்.

பழைய பெல்ட் கழன்று வந்துவிட்டது, இனி கையில் இருப்பவற்றைப் பாருங்கள். டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை) இரண்டையும் விரலால் சுழற்றினால் கரகரப்போ ஆட்டமோ இருக்கக்கூடாது. வாட்டர் பம்ப்பை இந்த பெல்ட்டே சுழற்றுகிறது என்றால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ஓப்பல் எஞ்சின்கள் சிலவற்றில் டென்ஷனர் என்று தனியாக ஒன்றில்லாமல், வாட்டர் பம்ப்பையே திருப்பித்தான் பெல்ட்டை இறுக்க வேண்டியிருந்தது. அங்கே பம்ப் சிக்கிக்கொண்டால் இறுக்கமே வைக்க முடியாது. கிராங்க் சீல், கேம் சீல் எதிலாவது எண்ணெய்க் கசிவு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் புது பெல்ட் போடுவதில் பயனில்லை. எண்ணெயும் கூலண்ட்டும் ரப்பரை ஊறவைத்துப் பல்லைப் பெயர்த்துவிடும்.

ஏற்கெனவே ஓடிய பெல்ட்டை மறுபடி இறுக்கிப் போடுவதை நான் செய்வதில்லை. ஓடிய பெல்ட் படிந்திருக்கும். புது பெல்ட்டுக்கான எண்ணை அதில் வைத்தால் இறுக்கம் அளவுக்கு மீறும். பெல்ட்டைத் தளர்த்த வேண்டிய வேலை வந்துவிட்டதா, புது பெல்ட்டே போடுங்கள்.

பெல்ட்டை மாட்டும் வரிசை

பெட்டியிலிருந்து எடுத்ததிலிருந்தே பெல்ட்டை மரியாதையோடு கையாளுங்கள். மடிக்காதீர்கள், உள்புறம் வெளியே வரத் திருப்பாதீர்கள், இறுக்கமான வளையமாகச் சுருட்டாதீர்கள். உள்ளே இருக்கும் கண்ணாடி இழைகள் ஒடிந்தாலும் வெளியே தெரியாது. புல்லி மேல் ஏற மறுத்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றாதீர்கள். ஏறவில்லை என்றால் டென்ஷனர் முழுதாகத் தளரவில்லை, அல்லது பெல்ட் தவறானது.

கிராங்க் புல்லியில் தொடங்குங்கள். அங்கிருந்து இழுபக்கம் வழியாக மேலே கேம் புல்லிக்குக் கொண்டுபோங்கள். இந்தப் பகுதி நூல் பிடித்ததுபோல் நேராக, தொய்வே இல்லாமல் இருக்க வேண்டும். பல் காடியில் சரியாக உட்காரவில்லை என்றால் கேமை இம்மியளவு திருப்பி உட்கார வையுங்கள். கையேடு அப்படித் தளர்த்தி வைக்கச் சொன்னால் கேம் புல்லி போல்ட்டைத் தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கேம் இருந்தால் அவற்றுக்கு நடுவில் இருக்கும் பகுதியும் விறைப்பாக இருக்கட்டும். பிறகு மற்ற புல்லிகள், ஐட்லர் எல்லாம் சுற்றி, கடைசியாக டென்ஷனருக்கு வாருங்கள். மிச்சமிருக்கும் தொய்வு முழுதும் இப்போது டென்ஷனரின் முன்னால் நிற்கும். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது எஞ்சின் ஓடும் திசையில் இருக்கட்டும்.

இந்த வரிசையை மாற்றி, டென்ஷனர் பக்கத்தில் தொடங்கி இழுபக்கத்தில் முடித்தால் ஒரு பல் தவறுவது மிக எளிது. அடையாளங்கள் அப்போதைக்கு நேராகத் தெரியும், டென்ஷன் கொடுத்ததும் கேம் நகர்ந்துவிடும்.

டென்ஷனரை வைத்தல்

இதில் மூன்று வகை உண்டு. நீங்கள் எதைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

கையால் இறுக்கிப் பூட்டும் வகை. டென்ஷனரின் உருளை, மையம் விலகிய ஒரு துளையில் சுழலும். அதைத் திருப்பினால் உருளை பெல்ட்டுக்குள் நகரும். அளவு வந்ததும் நட்டை இறுக்கிப் பூட்டிவிட வேண்டும். அதன் பிறகு அது தானாக எதையும் சரிசெய்யாது. அதனால் வைக்கும் அளவு துல்லியமாக இருந்தே ஆகவேண்டும். அதிர்வெண் மீட்டர் இல்லாமல் இந்த வகையைத் தொடாதீர்கள். இதிலேயே ஸ்பிரிங் வைத்த ஒரு வகை இருக்கிறது, முன்பு சொன்ன ஹோண்டா, சுசூகி மாதிரி. அதில் அளவைத் தீர்மானிப்பது ஸ்பிரிங். நீங்கள் செய்ய வேண்டியது போல்ட்டைத் தளர்த்தி ஸ்பிரிங்கை அதன் போக்கில் விடுவதும், தொய்வை அதன் பக்கம் கொண்டுபோவதும், பிறகு பூட்டுவதும்தான். "ஸ்பிரிங் பத்தாது" என்று கம்பி வைத்து நெம்பி இன்னும் கொஞ்சம் தள்ளுவது பெரிய தவறு.

முள் வைத்த தானியங்கி வகை. இன்று நிறைய எஞ்சின்களில் இதுதான். உள்ளே ஸ்பிரிங் இருக்கும், வெளியே ஒரு முள்ளும் ஒரு காடியும் தெரியும். டென்ஷனரின் பின்தட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு எஞ்சினில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள். அது வெளியே நின்றால் மற்ற எல்லாமே வீண். பிறகு அலன் கீயைப் போட்டு டென்ஷனரில் காட்டியிருக்கும் திசையில் மட்டும் திருப்புங்கள். தலைகீழாகத் திருப்பினாலும் சிலவற்றில் முள் காடிக்கு வரும். ஆனால் ஸ்பிரிங் வேலை செய்யும் எல்லைக்கு வெளியே போய், கொஞ்ச தூரத்திலேயே உடைந்துவிடும்.

முள் காடிக்கு நேராக வந்ததும் நட்டை இறுக்க வேண்டும். கவனம் முழுதும் இந்த ஒரு நிமிடத்தில் வேண்டும். இடது கையால் அலன் கீயை அசையாமல் பிடித்திருப்பீர்கள், வலது கையால் ஸ்பானரைத் திருப்புவீர்கள். நட்டின் உராய்வு டென்ஷனரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். கண்ணை முள்ளிலிருந்து எடுக்காமல் இருந்தால், நட் பிடிக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் முள் காடியை விட்டு முடியளவு நழுவுவதைப் பார்க்கலாம். உடனே நிறுத்துங்கள், நட்டைத் தளர்த்துங்கள், மறுபடி வையுங்கள். பழகிய பிறகு, முள் எவ்வளவு நழுவும் என்று தெரிந்து அந்த அளவு முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வைத்து இறுக்குவீர்கள். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சால். அந்தச் சின்ன நட்டை அதிகமாக இறுக்கினால் எஞ்சினில் பதிந்திருக்கும் ஸ்டட் ஒடியும்.

ஹைட்ராலிக் வகை. மூன்றாவது இது. ஒரு சின்ன சிலிண்டரின் தண்டு, நெம்புகோல் வழியாக உருளையைத் தள்ளும். புதியது பின் போட்டுப் பூட்டியே வரும். பழையதைத் திரும்பப் போடுவதாக இருந்தால் வைஸில் செங்குத்தாக வைத்து, தாடைகளுக்கு மெத்தென்று ஏதாவது கொடுத்து, மிக மெதுவாக அழுத்துங்கள். வேகமாக அழுத்தினால் உள்ளே சீல் கிழியும். நல்ல டென்ஷனர் பிடிவாதமாக எதிர்க்கும். வெறும் கையாலேயே தண்டு உள்ளே போனாலோ, சீல் ஓரம் எண்ணெய் வழிந்திருந்தாலோ அது தீர்ந்துவிட்டது. துளைகள் நேராக வந்ததும் பின்னைப் போட்டுப் பூட்டி மாட்டுங்கள். பெல்ட் முழுதாக உட்கார்ந்த பிறகு, ஆனால் கிராங்க்கைச் சுற்றும் முன், பின்னை உருவுங்கள். இந்த வகையில் இறுக்கத்தைச் சரிபார்ப்பது தண்டு எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்பதை வைத்து. உதாரணமாக மிட்சுபிஷியின் 4ஜி63 எஞ்சினில் அது 3.8 முதல் 4.5 மி.மீ. வரை இருக்க வேண்டும்.

இரண்டு சுற்று

இப்போது பூட்டுப் பின்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கிராங்க் போல்ட்டில் நீளமான கைப்பிடி போட்டு, எஞ்சின் ஓடும் திசையில் மெதுவாக இரண்டு முழுச் சுற்று திருப்புங்கள். கேம் போல்ட்டைப் பிடித்துத் திருப்ப வேண்டாம், ஸ்டார்ட்டரைத் தட்டவும் வேண்டாம். எங்காவது கெட்டியாக இடித்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். வால்வும் பிஸ்டனும் முட்டும் எஞ்சினாக இருந்தால் அது டைமிங் தவறிய முட்டல். பலம் கொடுத்துத் தாண்டினால் வால்வு வளையும்.

கேம் ஒரு முழுச் சுற்று போய், வால்வு ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றும் தள்ளியும் தாங்கியும் முடிவதற்கு இரண்டு சுற்று தேவை. அந்தச் சுற்றில் பெல்ட் காடிகளில் படியும், ஒளிந்திருந்த தொய்வு டென்ஷனரிடம் வந்து சேரும். சிலர் இதை டைமிங் அடையாளம் சரிபார்க்கும் சடங்காக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அடையாளமும் சரிபார்க்க வேண்டியதுதான். ஆனால் இறுக்கத்தைப் பொறுத்தவரை, முதலில் வைத்த அளவு வெறும் தொடக்கம். உண்மையான அளவு இந்த இரண்டு சுற்றுக்குப் பின் கிடைப்பது.

அடையாளத்தைத் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பிக் கொண்டுவராதீர்கள். பின்னால் திருப்பினால் இழுபக்கமும் தொய்வுப்பக்கமும் இடம் மாறும், சேர்த்த தொய்வெல்லாம் கலைந்துவிடும். இன்னும் இரண்டு சுற்று முன்னால் போய் நிறுத்துங்கள்.

ஒருமுறை கையால் இறுக்கும் டென்ஷனர் உள்ள எஞ்சினில் கையேடு சொன்ன எண்ணை மீட்டரில் அழகாக வைத்திருந்தேன். இரண்டு சுற்று திருப்பி அளந்தால் எண் நன்றாக இறங்கியிருந்தது. மறுபடி வைத்துத் திருப்பினேன், மறுபடி இறங்கியது. மீட்டரைச் சந்தேகித்து பேட்டரிகூட மாற்றினேன். கடைசியில் காரணம், கிராங்க் அடையாளத்தை ஒவ்வொரு முறையும் அரை அங்குலம் தாண்டிவிட்டு, நேராக்குவதற்காக லேசாகப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் இழுக்காமல் முன்னாலிருந்து மட்டும் வந்து நின்றதும் எண் ஒரே இடத்தில் நின்றது. அன்றிலிருந்து அடையாளத்துக்குக் கால் சுற்று முன்பே கையின் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

இரண்டு சுற்று முடிந்ததும் மறுபடி முள்ளைப் பாருங்கள், அல்லது மீட்டரில் அளங்கள், அல்லது தண்டின் நீளத்தைப் பாருங்கள். அளவு விலகியிருந்தால் டென்ஷனரைத் தளர்த்தி மறுபடி வைத்து, மறுபடி இரண்டு சுற்று. அளவு நகராமல் நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும். நான்கைந்து முறை செய்தும் நிற்கவில்லை என்றால் அளவோடு போராடாதீர்கள். ஏதோ ஒன்று தவறாக உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் டென்ஷனரின் நாக்கு, தளர்ந்த கேம் போல்ட், காடியில் முழுதாக உட்காராத பல், இவற்றில் ஒன்று. தவறான பெல்ட்டாகவும் இருக்கலாம்.

மூடியைப் போடும் முன்னும் பின்னும்

தளர்த்திய ஒவ்வொரு போல்ட்டையும் கையேட்டு அளவில் இறுக்குங்கள். ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக்கூடிய நீளும் போல்ட்டுகளுக்குப் புதியவை போடுங்கள். பல எஞ்சின்களில் கிராங்க் புல்லி போல்ட் அந்த வகை. கோணக் கணக்கில் இறுக்கச் சொல்லியிருந்தால் கோணம் காட்டும் கருவியை வைத்தே செய்யுங்கள். போட்ட பூட்டுப் பின்களை எண்ணி வெளியே எடுத்துவிட்டோமா என்று இன்னொரு முறை பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்டில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறி இறுகிய பெல்ட் ஊளையிடும். எஞ்சின் வேகம் ஏற ஏற அந்த ஊளையின் சுருதியும் ஏறும், சூடானதும் இன்னும் கூர்மையாகும். "புது பெல்ட், போகப் போகச் சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். அந்த இழுவை வாட்டர் பம்ப் பேரிங்கையும் ஐட்லரையும் கேமின் முன் தாங்கியையும் நாள்தோறும் அரைத்துக்கொண்டிருக்கும். தளர்ந்த பெல்ட்டின் சத்தம் வேறு மாதிரி. ஐடிலில் மூடிக்குள் படபடவென்று அடிக்கும், ஆக்ஸிலேட்டரை விட்டு எஞ்சின் வேகம் இறங்கும்போது தெளிவாகக் கேட்கும். இரண்டில் எது கேட்டாலும் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். ஆற விட்டு மூடியைத் திறந்து முதலிலிருந்து அளங்கள். தளர்ந்த பெல்ட் ஒரு பல் தாவினாலே போதும், வால்வு வளையும் எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்துவிடும்.

சத்தமில்லாமல் ஓடினால் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும்வரை ஓடவிடுங்கள். பிறகு ஒரு இரவு ஆறவிட்டு, மேல் மூடியைத் திறந்து முள்ளையோ எண்ணையோ இன்னொருமுறை பாருங்கள். கையால் இறுக்கும் வகையில் இதை நான் ஒருபோதும் விடுவதில்லை. அளவு நின்றிருந்தால் மாற்றிய தேதி, கிலோமீட்டர், வைத்த அளவு மூன்றையும் ஒரு ஒட்டியில் எழுதி மூடியின் மேல் ஒட்டிவிடுங்கள்.